டைம்ஷீட்டில் 8 மணி நேரம், வாடிக்கையாளர் கணக்கில் 9 நாள்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரிவில் 12 பேர். நாளுக்கு 60 விண்ணப்பங்கள் வருகின்றன, ஏறத்தாழ அதே எண்ணிக்கை முடிந்தும் போகிறது. ஒரு விண்ணப்பம் முடிய 9 நாள் ஆகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று மேலிடம் கேட்டது. எல்லோரையும் டைம்ஷீட் நிரப்பச் சொன்னீர்கள். வாரக் கடைசியில் 12 பேரும் நாளுக்கு எட்டு எட்டு மணி நேரம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஒழுங்காக அளக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாஃப்ட்வேர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் இரண்டு வேறு கடிகாரங்களை ஒன்றாக நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். ஒன்று ஆளின் கடிகாரம்: ஒரு விண்ணப்பத்துக்காக மனிதக் கை உண்மையில் உழைத்த நிமிடங்கள். இன்னொன்று விண்ணப்பத்தின் கடிகாரம்: அது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை ஓடிய நேரம். முன்னதை டச் டைம் என்பார்கள், பின்னதை லீட் டைம். வாடிக்கையாளர் சொல்லும் 9 நாள் இரண்டாவது கடிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் அளக்கப் போனதோ முதல் கடிகாரத்தை. டைம்ஷீட்டை எவ்வளவு நேர்மையாக நிரப்பினாலும் அந்த 9 நாள் அதில் தென்படாது, ஏனென்றால் அந்த நாட்களின் பெரும்பகுதியில் யாருமே அந்த விண்ணப்பத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் ஆளைப் பின்தொடராதீர்கள், காகிதத்தைப் பின்தொடருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இதே வேலையாகப் போயிருந்தபோது ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். அது நடந்த கதை இது. திங்கள் காலை 9.40க்கு மெயிலில் வந்தது. 11.25க்குத்தான் சிஸ்டத்தில் ஏற்றினார்கள், அதற்கு 6 நிமிடம். சரிபார்ப்பவர் அதைத் திறந்தது செவ்வாய் பிற்பகல் 3.10க்கு. ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. வாடிக்கையாளருக்கு மெயில் எழுதி, நிலையை ‘வாடிக்கையாளரிடம் பெண்டிங்’ என்று மாற்றினார், 8 நிமிடம். மறுநாள் புதன் காலை 8.50க்கே பதில் வந்துவிட்டது. ஆனால் வந்தது பொது மெயில்பெட்டிக்கு. வியாழன் பிற்பகல் 2 மணிவரை அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததும் சரிபார்ப்பு 21 நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் அப்ரூவல். மேலாளர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பார். வெள்ளி மாலை 4.30க்கு 3 நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தார். அடுத்த திங்கள் காலை 9.51க்கு அதை எடுத்து, 9 நிமிடத்தில் பதில் அனுப்பினார்கள். மணி பத்து.

கூட்டினால் கை பட்ட நேரம் 47 நிமிடம். ஓடிய நேரம் ஏழு நாளும் இருபது நிமிடமும். இரவையும் வார விடுமுறையையும் கழித்து, நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தாலும் 40 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதில் 47 நிமிடம் என்பது 2 விழுக்காடு. அங்கே எல்லோரையும் இரண்டு மடங்கு வேகமாக வேலை பார்க்க வைத்திருந்தாலும் வாடிக்கையாளருக்கு மிச்சமாகியிருப்பது 24 நிமிடம்கூட இல்லை. பொது மெயில்பெட்டியைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை யாராவது திறந்து, மேலாளரும் வெள்ளிவரை வைக்காமல் அன்றன்றே ஒப்புதல் பார்த்திருந்தால் குறைந்தது ஒரு முழு நாள் மிச்சம். யாரையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த ‘வாடிக்கையாளரிடம் பெண்டிங்’ என்ற நிலையை இன்னொரு தடவை பாருங்கள். பல இடங்களில் இந்த நிலைக்கு மாறியதும் சிஸ்டம் கடிகாரத்தை நிறுத்திவிடும். நம் தவறில்லையே என்ற நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன விண்ணப்பத்தில் வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ பதினேழரை மணி நேரம், அதுவும் பெரும்பாலும் இரவு. அதற்குப் பிறகு 29 மணி நேரம் பந்து நம் பக்கம்தான் கிடந்தது. கடிகாரமோ நின்றே இருந்தது. மாத அறிக்கையில் அந்த 29 மணி நேரம் வாடிக்கையாளர் கணக்கில்தான் ஏறியது. கடிகாரத்தை நிறுத்தும் வசதி உங்கள் சிஸ்டத்தில் இருந்தால், நிறுத்தாமல் ஓடிய எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவதானால் நிறுத்தாததைக் காட்டுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக் கடிகாரம் நமக்காக நிற்பதில்லை.

தொடக்கமும் முடிவும் எங்கே என்பதும் இதே வகைப் பிரச்சினைதான். மெயில் வந்த நேரமா, சிஸ்டத்தில் ஏற்றிய நேரமா? ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்திய நேரமா, பதில் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்த நேரமா? எங்கே வேண்டுமானாலும் கோடு போடலாம், ஆனால் போட்ட கோட்டை எழுதி வைத்துவிட்டு ஆறு மாதம் நகர்த்தாமல் இருங்கள். உள்ளே ஏற்றுவதைத் தள்ளிப்போட்டால் அறிக்கை அழகாகும் என்பதை எந்தப் பிரிவும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். வேலை நாளா, காலண்டர் நாளா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘5 நாள்’ என்று நீங்கள் சொல்வதும் ‘ஒரு வாரம்’ என்று அவர் சொல்வதும் ஒரே நேரமாக இருந்துவிட்டு, அதற்காகக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் 9 நாளுக்கு வருவோம். அது உண்மையா என்று பார்க்கக் கடிகாரமே வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஜான் லிட்டில் என்பவர் 1961ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: உள்ளே கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கை என்பது, நாளுக்கு எத்தனை வருகிறதோ அதை, ஒவ்வொன்றும் சராசரியாக உள்ளே இருக்கும் நாட்களால் பெருக்கினால் கிடைப்பது. வரத்தும் போக்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் போதும், வேலை எந்த வகை, எந்த வரிசையில் எடுக்கிறீர்கள் என்பதெல்லாம் பொருட்டில்லை. நாளை காலை முடியாமல் கிடக்கும் எல்லா விண்ணப்பங்களையும் எண்ணுங்கள். மெயில்பெட்டியில் இருப்பது, அப்ரூவலில் இருப்பது, யார் இழுப்பறையிலாவது இருப்பது என்று ஒன்று விடாமல். 540 வந்தால் 540ஐ 60ஆல் வகுக்க 9 நாள், வாடிக்கையாளர் சொன்னது சரி. 300தான் வந்தால், ஒன்று அவர்கள் மிகைப்படுத்துகிறார்கள், அல்லது (இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்) நீங்கள் எண்ணாத குவியல் ஒன்று எங்கோ இருக்கிறது.

அப்புறம் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகள். மூன்றே நெடுவரிசை போதும்: விண்ணப்ப எண், நடந்த செயல், நடந்த நேரம். இவ்வளவு இருந்தால் எக்செல்லிலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் எவ்வளவு காத்திருந்தது என்று எடுத்துவிடலாம். பெரிய நிறுவனங்களில் புராசஸ் மைனிங் என்ற பெயரில் விற்கப்படும் கருவிகள் கேட்பதும் அடிப்படையில் இந்த மூன்றையும்தான். ஆனால் அந்த நேரப் பதிவுகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் ‘முடிந்தது’ நேரங்களை மட்டும் எடுத்து, நாளின் எந்த மணியில் எத்தனை விழுந்திருக்கின்றன என்று ஒரு படம் போட்டுப் பாருங்கள். மாலை 5.30க்கும் 6க்கும் நடுவில் ஒரு மலை நின்றால், வேலை அப்போது முடிந்தது என்று பொருளில்லை. பகலெல்லாம் பார்த்துவிட்டு, கிளம்பும்போது மொத்தமாக மூடுகிறார்கள் என்று பொருள். அந்தப் பதிவை வைத்து நாள் கணக்கு போடலாம், நிமிடக் கணக்கு போடக் கூடாது.

சராசரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து விண்ணப்பங்களில் ஒன்பது 3 நாளில் முடிந்து, ஒன்று மட்டும் 63 நாள் இழுத்தால் சராசரி 9 நாள். அந்தப் பத்தில் ஒன்றுகூட 9 நாள் எடுத்துக்கொள்ளவில்லை! உங்கள் 9 நாளும் இப்படிப்பட்டதா, அல்லது எல்லாமே 8, 9, 10 என்று இருக்கிறதா என்பது தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். இரண்டும் இரண்டு நோய், மருந்தும் வேறு. முதலாவதில் மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டாவதில் வரிசையே நீளம். நான் மூன்று எண் சொல்வேன்: நூறில் ஐம்பது எத்தனை நாளுக்குள் முடிந்தன, நூறில் தொண்ணூறு எத்தனை நாளுக்குள் முடிந்தன, இன்னும் முடியாததில் ஆகப் பழையது எத்தனை நாளாகக் கிடக்கிறது.

அந்த மூன்றாவது எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய சிக்கலான விண்ணப்பங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிதாக வரும் சுலபமானவற்றை மட்டும் முடித்துக்கொண்டிருந்தால் சராசரி மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். பாராட்டு கிடைக்கும். ஒரு நாள் யாரோ பொறுப்பானவர் உட்கார்ந்து பழைய குவியலைத் தீர்த்தால், அந்த மாத சராசரி எகிறும், திட்டு அவருக்கு விழும். முடித்துவிட்டு மறுபடி திறக்கப்பட்டவையும் இப்படித்தான். மறுதிறப்பைப் புது எண்ணில் பதியும் சிஸ்டமாக இருந்தால் இரண்டு சின்ன வேலைகள் தெரியும், வாடிக்கையாளர் பட்ட ஒரு பெரிய பாடு தெரியாது.

சரி, ஆளின் கடிகாரம் வேண்டவே வேண்டாமா? வேண்டும். எத்தனை பேர் தேவை, ஒரு வேலைக்கு ஆகும் செலவு என்ன என்ற கேள்விகளுக்கு அதுதான் விடை. ஆனால் அதை அளப்பதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் உருக்கு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லர் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கத் தொடங்கினார். 1911ல் வாட்டர்டவுன் அரசு ஆயுத ஆலையில் அவருடைய முறையைக் கொண்டுவந்தபோது, தன்னை அளக்க விடமாட்டேன் என்று ஒரு வார்ப்புத் தொழிலாளி மறுத்தார். அவரை வேலையைவிட்டு அனுப்பியதும் மற்றவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணைவரை போய், அரசு ஆயுத ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குச் செலவிடக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அந்தத் தடை 1949வரை நீடித்தது. உங்கள் 12 பேர் டைம்ஷீட்டில் எட்டு எட்டு என்று எழுதியதும் ஒரு வகையில் அதே மறுப்புதான், சத்தமில்லாமல்.

ஸ்டாப்வாட்ச் முறையில் கணக்கு இப்படிப் போகும். பார்த்த நேரம் 10 நிமிடம். வேலை செய்தவர் சராசரியைவிடச் சற்றுச் சுறுசுறுப்பு என்று அளப்பவர் கருதினால், சராசரிக்கு 100 என்று வைத்து 110 மதிப்பெண் கொடுப்பார், 11 நிமிடம் ஆகும். சொந்தத் தேவைக்கு 5, அடிப்படைச் சோர்வுக்கு 4 என்று 9 விழுக்காடு சேர்ப்பது வழக்கமான தொடக்கம், அப்போது கிட்டத்தட்ட 12 நிமிடம். இதுதான் நிலையான நேரம். இதில் 110 என்பது அளப்பவரின் கண் சொல்வது. அந்தக் கண்ணை நம்பாதவர்கள் எம்டிஎம் என்ற முறைக்குப் போனார்கள். 1948ல் வெளிவந்த அதில் கையை நீட்டுவது, பிடிப்பது, வைப்பது என்று ஒவ்வோர் அசைவுக்கும் அட்டவணையில் நேரம் இருக்கும். அதன் அலகு ஒரு மணி நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 விநாடி. ஒரே பொருளை ஆயிரம் தடவை பூட்டும் மேசைக்கு இது பொருந்தும். கையெழுத்து விடுபட்ட விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பவருக்கு இதைப் போட்டால் கேலிக்கூத்தாகிவிடும்.

உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு நான் சொல்வது வேலை மாதிரியெடுப்பு. 1930களில் பிரிட்டிஷ் பருத்தி ஆலைகளில் எத்தனை தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்க்க டிப்பெட் என்ற புள்ளியியலாளர் பயன்படுத்திய வழி. தறி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று நேரம் குறிக்காமல், ஒழுங்கில்லாத நேரங்களில் ஒரு சுற்று வந்து, அந்தக் கணத்தில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டார். நூறு தடவை பார்த்ததில் முப்பதில் நின்றிருந்தால், ஏறத்தாழ முப்பது விழுக்காடு நேரம் நிற்கிறது. உங்களுக்கும் அப்படியே. ஐந்தாறு வகை வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பம் பார்ப்பது, வாடிக்கையாளருக்குப் பதில், தேடுவது, கூட்டம், மற்றவை, இடைவேளை. 30 விழுக்காடு அளவில் இருக்கும் ஒரு வகையை 5 புள்ளி கூடக்குறைய, 95 விழுக்காடு நம்பகத்தோடு பிடிக்க 323 பார்வை வேண்டும். 12 பேரை நாளுக்கு ஆறு சுற்று பார்த்தால் ஐந்து நாளில் 360 ஆகிவிடும். ஆனால் ஒரே கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தால் 12 பார்வையும் ஒரு பார்வை மாதிரிதான், அதனால் இரண்டு வாரமாக நீட்டுங்கள். 5 புள்ளியை 3 ஆக்க ஆசைப்பட்டால் 897 பார்வை வேண்டும், அதற்கு அவசியமில்லை.

நேரங்களை சீட்டுக் குலுக்கியோ எக்செல்லில் ரேண்டமாகவோ எடுங்கள். தினமும் சரியாக 11 மணிக்கு வந்தால் எல்லோரும் 11 மணிக்கு உழைப்பார்கள். தாளில் பெயர் எழுதாதீர்கள், மேசை எண்ணும் வேண்டாம். இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி, நிரப்பிய தாளையும் காட்டுங்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடத்தை மாறும் என்பது உண்மைதான். முதல் இரண்டு நாள் பார்வைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதற்குள் பழகிவிடும்.

என்ன வரும் என்று ஊகிக்கிறேன். உங்கள் விண்ணப்பத்துக்கும் அந்த 47 நிமிடமே ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 விண்ணப்பத்துக்கு 47 மணி நேரம். 12 பேரின் 8 மணி நேரம் சேர்ந்தால் 96. பாதிக்கும் குறைவு. மீதி நேரத்தில் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்று மேலிடம் உடனே முடிவுகட்டும், அதற்கு முன் மாதிரியெடுப்புத் தாளில் ‘வாடிக்கையாளருக்குப் பதில்’ என்ற வகையைப் பாருங்கள். ஒன்பது நாள் காத்திருப்பவர் நான்காம் நாள் போன் செய்வார், ஆறாம் நாள் மெயில் போடுவார், எட்டாம் நாள் மேலாளரைக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் ஒருவர் வேலையை நிறுத்தி, விண்ணப்பம் எங்கே என்று தேடி, பதில் சொல்கிறார். தாமதமே வேலையைப் பெற்றுப்போடுகிறது. காத்திருப்பைக் குறைத்தால் உழைக்கும் நேரமும் சேர்ந்து குறைவது இதனால்தான்.

மிச்ச நேரத்தையெல்லாம் நிரப்பிவிடலாம், ஆளைக் குறைக்கலாம் என்று யாராவது கிளம்பினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரே ஆள், வேலைகள் முன்பின்னாக வந்து விழுகின்றன, ஒவ்வொன்றின் நீளமும் வேறு வேறு என்ற எளிய வரிசைக் கணக்கில், அவர் 50 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் ஒரு விண்ணப்பம் சராசரியாக, ஒரு விண்ணப்பத்தை முடிக்கக் கை உழைக்கும் நேரம் அளவுக்கு வரிசையில் காத்திருக்கும். 80 விழுக்காடு என்றால் நான்கு மடங்கு. 90க்கு ஒன்பது மடங்கு, 95க்குப் பத்தொன்பது. 90இலிருந்து 95க்கு ஏறும்போது வெறும் ஐந்து புள்ளியில் வரிசை இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. ஆட்கள் பலராக இருந்தால் எண்கள் இவ்வளவு கடுமையாக இருக்காது, ஆனால் வளைவின் முகம் இதேதான். ஆளை முழுக்க நிரப்புவது, விண்ணப்பத்தைச் சீக்கிரம் முடிப்பது, இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது.

எக்செல்லில் மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் விழும் குழிகள். ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுவார்கள், கூட்டும்போது அது 1.3 மணி, அதாவது 78 நிமிடம் ஆகிவிடும், 12 நிமிடம் காணாமல் போகும். இரண்டாவது, நேரங்களைக் கூட்டினால் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து காட்டும். 26 மணி நேரம் 2 என்று தெரியும், மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு வடிவமைத்தால் சரியாகும். மூன்றாவது, இரவு 10க்குத் தொடங்கி காலை 6க்கு முடியும் ஷிஃப்ட். நேரத்தை மட்டும் கழித்தால் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், கட்டத்தில் வழக்கமாக ##### என்றுதான் தெரியும், தேதியும் சேர்த்துப் பதியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டைம்ஷீட்டை நிறுத்துங்கள், அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. நாளை காலை குவியலை எண்ணுங்கள். எல்லா வகையிலிருந்தும் கலந்து ஒரு இருபது விண்ணப்பங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, தொடுபவர் எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். சீட்டோடு முதலில் வெளியே வரும் ஐந்தாறைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை சுலபமானவை. மூன்றாம் வாரத்திலும் வெளியே வராமல் இருப்பது எந்த மேசையில் இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.